கடைசி அலசல் தண்ணீர்

அந்த ப்ளேட்டில் ஒன்றுமே முளைக்கவில்லை. அக்கா அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "பாத்தியா? நான் கழுவினா கழுவினதுதான்!" என்று சிரித்தார். அவர் என் கூடப்பிறந்தவர் அல்ல. காட்டாங்குளத்தூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் எனக்குப் பக்கத்து மேஜை. தாம்பரத்தில் ஒரே ரயிலில் ஏறுவோம், ஒரே டிபன் டப்பாவில் சாப்பிடுவோம், ஒரே சாரிடம் திட்டு வாங்குவோம்.

கடலோரக் கழிமுகம் ஒன்றில் பழைய பேட்டரி உருக்கும் கொட்டகைகளின் காரீயக் கழிவு கலந்த சேறு. அதிலும், உப்புநிலத்தில் தானாக வளரும் உமரிக்கீரை தளதளவென்று நின்றது. தண்டுக்குள் குடியிருக்கும் பாக்டீரியாதான் அதைப் பிழைக்க வைக்கிறதா என்று பார்ப்பது எங்கள் வேலை. ஒப்பிடுவதற்காகக் கொட்டகைகளுக்கு வெகுதூரம் தள்ளி, நாரைகள் மேயும் ஓர் இடத்தை நாங்களே தேர்ந்தெடுத்து, பைகளில் 'சுத்தம்' என்று எழுதினோம். அந்தப் பையில் மிஞ்சிய கீரையை அக்கா வீட்டுக்குக் கொண்டுபோவார். கடலோர ஊர்க்காரர் ஆயிற்றே, விடுவாரா? பருப்பு போட்டுக் கூட்டு வைப்பார். "உப்பே போட வேணாம்டி. எங்க வீட்டுக் குட்டிக்கு இது இருந்தாத்தான் சோறு எறங்கும்" என்பார். நானும் வழித்துச் சாப்பிட்டிருக்கிறேன்.

மேலே ஒட்டிய கிருமிகள் சாக, தண்டை மருந்து நீரில் முக்கி, பலமுறை அலசி, பிறகு அரைத்து, பாக்டீரியா வளர்க்கும் ப்ளேட்டில் தடவுவோம். கடைசியாக அலசிய தண்ணீருக்கும் தனியாக ஒரு ப்ளேட் உண்டு. அதில் எதுவும் முளைக்காவிட்டால், மற்றதில் முளைப்பதெல்லாம் தண்டுக்குள்ளிருந்து வந்தவை என்று அர்த்தம். அன்று அக்கா சிரித்த கையோடு, காரீயம் கலந்த ப்ளேட்டுகளை வெளியே எடுத்தார். கொட்டகைப் பக்கத்துச் செடியின் ப்ளேட் முழுக்க மஞ்சள் மஞ்சளாய்ப் புள்ளிகள். அது எதிர்பார்த்ததுதான். 'சுத்தம்' என்று எழுதிய ப்ளேட்டிலும் அதே மஞ்சள், அதே அடர்த்தி. காரீயத்தோடு பழகாத உயிர் அதில் இப்படிச் செழிக்குமா?

"சரியா கழுவலையோ என்னவோக்கா" என்றேன். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. அக்கா, ஒன்றும் முளைக்காத அந்த ப்ளேட்டை என் பக்கம் நகர்த்தினார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, "ஐயோ, ஊட்டி விட்டேனே... வேணாம்னு சொன்ன அன்னிக்கும் ஊட்டி விட்டேனே" என்றார். அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

'சுத்தம்' பைச் செடியைச் சோதிக்க சார் வேறோர் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார். காரீயம் இருப்பது உறுதியானது. நாரைகள் மேய்ந்ததைப் பார்த்து ஏமாந்த படித்த முட்டாள்கள் நாங்கள். குழந்தைக்கும் ரத்தம் எடுத்தார்கள். முடிவை அக்கா போனில் சொன்னார்: "பயப்படற அளவுக்கு இல்லையாம். ஆனா இருக்குதாம்."

இப்போது வீட்டில் கீரை அலசும்போது, கடைசித் தண்ணீரை டம்ளரில் பிடித்து வெளிச்சத்தில் பார்க்கிறேன். "போதும் விடு, சுத்தமாதான் இருக்கு" என்கிறார் கணவர். சுத்தமாகத்தான் இருக்கிறது. அன்று அந்த ப்ளேட்டும் இப்படித்தான் இருந்தது. பாவி, அதில் ஒரு புள்ளியாவது முளைத்திருக்கக் கூடாதா?