மாப்பிள்ளைக்குக் கிடைத்த எண்

பேய், பிசாசு, ஜாதகம் எதையும் நான் நம்பியதில்லை. கம்ப்யூட்டர் படித்தவள் நான். நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும், பரவாயில்லை, நடந்ததை அப்படியே சொல்லிவிடுகிறேன்.

எண்பதுகளின் கடைசி. திண்டிவனத்தில் ஒரு மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, எண்ணெய்க் கம்பெனியில் எனக்கு வேலை. வெளிநாடு போய்வந்த முதலாளி ஆசைப்பட்டு ஆறு கம்ப்யூட்டர்களை வாங்கி, ஒன்றோடொன்று இணைக்கச் சொல்லிவிட்டார். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. எண்ணெல்லாம் யாருக்கு நினைவிருக்கும்? அதனால் பெயரைத் தட்டிக் கேட்டால் எண்ணைத் தேடித் தரும்படி சர்வரில் ஓர் ஏற்பாடு வேண்டும். டொமைன் நேம் சர்வீஸ் என்பார்கள். சந்தேகம் கேட்கக்கூட ஊரில் ஆள் கிடையாது. மறுநாள் முதலாளி வருகிறார், அது ஓடவில்லையென்றால் என் வேலை போய்விடும், வேலை போனால் உடனே கல்யாணம் என்று வீட்டில் காத்துக்கொண்டிருந்தார்கள்.

மத்தியானம் ஒருவழியாக ஓடியது. 'ஆலை' என்று கேட்டேன், எண் வந்தது. 'கிடங்கு' என்றேன், வந்தது. பக்கத்து நாற்காலியில் டைப்பிஸ்ட் ரோசி கை தட்டிச் சிரித்தாள்.

"யக்கா, மாப்பிள்ளைன்னு கேளு. எங்க கீறாருன்னு பாத்துடலாம்."

"போடி, அப்படி யாரும் இல்லன்னு சொல்லும்."

அதையும்தான் பார்ப்போமே என்று தட்டினேன். நம்பினால் நம்புங்கள், பதில் வந்தது. கடைசியில் நாற்பத்தேழு என்று முடிகிற எண். நான் எழுதி வைத்த பெயர்களை வரிவரியாகப் பார்த்தேன், மாப்பிள்ளை எங்கேயும் இல்லை. சர்வரை அணைத்துப் போட்டுக் கேட்டேன், திரும்பவும் அதே எண். ரோசி சிலுவை போட்டுக்கொண்டாள்.

"இன்னாம்மா, ரெண்டு பேரும் பேயறஞ்ச மாதிரி குந்திக்கினு கீறீங்க?" என்று மேனேஜர் வந்து நின்றார். அவருக்குக் காட்டலாம் என்று மூன்றாம் முறை தட்டினால், அப்படியொரு பெயரே இல்லை என்கிறது! "வேலையப் பாருங்கம்மா, ஜல்தி" என்று போய்விட்டார்.

மறுநாள் எல்லாம் ஒழுங்காக ஓடியது. முதலாளிக்கு ஒரே சந்தோஷம். விழுப்புரம் கிளைக்கும் ஒரு கம்ப்யூட்டர் வாங்கி, அதைப் பார்த்துக்கொள்ளக் கண்டமங்கலத்துக்காரர் ஒருவரை வேலைக்கு வைத்தார். அவர் போன் செய்தார்.

"மேடம், எங்க மெஷினுக்கு நாப்பத்தேழு குடுக்கலாங்களா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஆறுக்கு அடுத்து ஏழு காலியா இருக்கே, ஏன் நாப்பத்தேழு?"

"தெரிலங்க. மனசுல வந்துச்சு, கேட்டுட்டேன்."

ரோசி மேசையில் கவிழ்ந்து விழுந்து விழுந்து சிரித்தாள். மறு தையில் திருவக்கரைக் கோயிலில் அவருக்கும் எனக்கும் கல்யாணம். ரோசிதான் மாப்பிள்ளைத் தோழனைப்போல அத்தனை ஆர்ப்பாட்டம் பண்ணினாள். இன்றுவரை சந்தோஷமாகத்தான் இருக்கிறோம், அவரிடமும் இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறேன், முக்கால்வாசி.

மீதி என்னவென்றால், அன்று திரையில் வந்தது ஒரே ஓர் எண் இல்லை. நாற்பத்தேழுக்குக் கீழே இரண்டாவதாக இன்னோர் எண்ணும் வந்தது. இரண்டு தடவையும் வந்தது. அது யாருடையதென்று எனக்கு இன்றுவரை தெரியாது. புதிதாக ஒரு மெஷினை யாராவது இணைத்தால், என்னையறியாமல் கண் முதலில் அதன் எண்ணைத்தான் தேடுகிறது.