இரண்டு கைகளிலும் மருதாணி

என் மேசை இழுப்பறையில் ஒரு மருதாணிக் கோன் கிடக்கிறது. உள்ளே இருந்த பசை எப்போதோ காய்ந்து கல்லாகிவிட்டது. நுனியில் ஒரு பழுப்புத் துளி மட்டும் ஒட்டியிருக்கிறது. சார்ஜர், ஸ்டேப்ளர், தைலம் என்று எதையும் வரிசைப்படி வைத்துப் பழகியவள் நான். இந்தக் கோனுக்கு மட்டும் தனி இடம் கொடுத்திருக்கிறேன்.

அது ராத்தாவின் கல்யாணத்தில் கிடைத்தது. ராத்தா என் பக்கத்து மேசைக்காரி. காயல்பட்டினத்திலிருந்து பஸ்ஸில் வந்து போவாள். அவர்கள் ஊரில் அக்காவை அப்படித்தான் அழைப்பார்கள். எங்கள் அலுவலகத்தில் எல்லோருக்குமே அவள் ராத்தாதான். துறைமுகச் சாலையில் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் இடத்துக்கு எதிர்மாடியில் அலுவலகம். சரக்குகளுக்குச் சுங்க அனுமதி வாங்கித்தரும் கிளியரிங் ஏஜென்டுகளுக்கு மென்பொருள் செய்துகொடுக்கிறோம். திரை முழுக்கக் கட்டங்கள், கட்டங்களுக்குள் எண்கள். "இதுல ஒரு வளைவாச்சும் இருக்கா பாரு" என்று ஒருநாள் அலுத்துக்கொண்டாள் ராத்தா. அங்கிருந்துதான் தொடங்கியது.

அவளுடைய மாமி கல்யாணப் பெண்களுக்கு மருதாணி இடுவதில் பேர் பெற்றவர். ஆல்பத்தைப் பார்த்து ஒரு கோலத்தைத் தேர்ந்தெடுத்த பெண்கள், பாதி வரைந்த பிறகு வேறு கேட்பார்களாம். மருதாணியை அழிக்க முடியாது. அவரவர் கையைப் படம் பிடித்து, கொடியும் பூவும் அந்தப் படத்தின் மேலேயே வரைந்து முன்கூட்டிக் காட்டினால் என்ன என்று ராத்தா கேட்டாள். முதலாளி யோசித்து, மாமி ஏற்றுக்கொண்டால் தொடரலாம், இல்லையென்றால் கட்டங்களுக்கே திரும்ப வேண்டும் என்றார். மாமியின் நிபந்தனை இன்னும் கறாரானது. ராத்தாவின் கல்யாணத்தன்று ஒரே ஒரு தடவை பார்ப்பார். மக்கர் பண்ணினால் அவருக்கு ஆல்பமே போதும்.

வளைவு வரைவது எனக்குப் பிடித்துப்போனது. கோட்டின் இரு முனைகள், அதை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுத்து வளைக்க இரண்டு புள்ளிகள். அவ்வளவுதான், கொடி நெளிந்துவிடும். ஆனால் ஒரு கைக்கு அப்படி நூற்றுக்கணக்கில் வேண்டும். அத்தனையும் வரைந்து முடியும்வரை திரை அசையாமல் நின்றது. ராத்தா அந்த வேலையைப் பின்னணிக்குத் தள்ளினாள். வளைவுகள் தனியாக ஒரு வெற்றுப் படத்தில் உருவாகும். முடிந்ததும் கைப்படத்தின் மேல் வந்து உட்காரும். அதுவரை திரை நம் விரலுக்குக் கட்டுப்பட்டு இருக்கும். "ஆளக் கடைக்கு அனுப்பிட்டு வாசல்லயே நிக்கக்கூடாது ஏளா. நாம நம்ம வேலையப் பாக்கணும். வந்தா அதுவே கூப்பிடும்" என்பாள்.

கல்யாணத்துக்கு நான் எடுத்துப்போக வேண்டியவற்றைப் பட்டியல் போட்டேன். தொடுதிரை மடிக்கணினி, சார்ஜர், இன்னொரு சார்ஜர். பரிசுப்பொருளைப் பட்டியலில் சேர்க்கவே இல்லை என்பது அந்த வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் உறைத்தது.

உள்ளே பெண்கள் கூட்டம். மாமி மணப்பெண்ணின் கைகளை முழங்கைவரை முடித்திருந்தார். ஈரம் காயாத இரண்டு கைகளையும் தலையணைகளின் மேல் நீட்டியபடி ராத்தா உட்கார்ந்திருந்தாள். யாரோ அவள் வாயில் இனிப்பு வட்டலப்பம் ஊட்டிக்கொண்டிருந்தார்கள். அடுத்து மாப்பிள்ளையின் தங்கை. அவளுடைய இரண்டு உள்ளங்கைகளையும் படம் பிடித்தேன். அலுவலகத்தில் நாங்கள் ஒரு கை வரும்வரை பொறுமையாகப் பார்த்திருந்துவிட்டுத்தான் மறுகைக்குப் போவோம். அவளுக்கு ஏது பொறுமை? வலது என்று தட்டினாள், அது வருவதற்குள் இடது என்று தட்டினாள். வலது கைக்கு வரைந்த கொடி தாமதமாக வந்து இடது கைப்படத்தில் உட்கார்ந்தது. கட்டைவிரலுக்கான பூ சுண்டுவிரலைத் தாண்டி அந்தரத்தில் தொங்கியது.

அறையே சிரித்தது. மாமி மட்டும் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஆல்பத்தை எடுக்கச் சொன்னார்.

ராத்தா எழப் பார்த்தாள். கையைத் தூக்காதே என்று நாலு பக்கமிருந்தும் அதட்டினார்கள். அவள் என்னைப் பார்த்து, வட்டலப்பத்தை விழுங்கிவிட்டுச் சொன்னாள்.

"அனுப்பும்போதே எந்தக் கைன்னு சொல்லி அனுப்பு. திரும்பி வந்து நிக்கும்போது, திரையில இப்பவும் அந்தக் கைதானான்னு கேளு. இல்லையின்னா தூரப் போடு."

நான் தட்டச்சு செய்தேன். ஓர் அடைப்புக்குறியை விட்டுவிட்டேன், அங்கிருந்தபடியே கண்டுபிடித்தாள். தலையை மட்டும் ஆட்டி ஆட்டி அவள் அடுத்தடுத்த வரிகளைச் சொல்வதைப் பார்த்து மாமி, "கை ரெண்டையும் பூட்டி வச்சாலும் இவ வாயி வேல பாக்குதே" என்றார். ராத்தா விடவில்லை. "நீங்க ஒரு தடவ பாக்குதேன்னு சொன்னிய மாமி. அது இன்னும் முடியல."

மாமி கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். வலது, இடது, வலது, இடது என்று வேண்டுமென்றே வேகமாகத் தட்டினார். எங்கே நிறுத்தினாரோ, அந்தக் கையில் அதற்குரிய கொடி வந்து பொருந்தியது. மறுபடியும் தட்டினார். பிறகு, அது வரைந்துகொண்டிருக்கும்போதே, திரையைப் பார்க்காமல், கோனை எடுத்து அந்தப் பெண்ணின் மணிக்கட்டில் முதல் புள்ளியை வைத்தார். வந்தால் கூப்பிடும் என்று விட்டுவிட்டார். ராத்தாவின் முகத்தில் அப்போது வந்த சிரிப்பு நிக்காஹ் படங்களில்கூட இல்லை.

பரிசை மறந்ததை நான் சொன்னதும், கோனில் மிச்சமிருந்ததில் கொஞ்சத்தை மாமி என் உள்ளங்கையில் ஒரே வளைவாக இழுத்துவிட்டு, கோனை என் பையில் போட்டார்.

காயல்பட்டினத்தில் கல்யாணத்துக்குப் பிறகு பெண் தாய்வீட்டிலேயே இருப்பாள். மாப்பிள்ளைதான் அங்கே வருவார். ராத்தாவும் அங்கிருந்தே வேலை செய்கிறாள். பக்கத்து மேசை காலி, ஆனால் என் போன் ஓய்வதில்லை. அடுத்த மாதம் எனக்குக் கல்யாணம். மருதாணி மாமியுடையது. இன்று காலை என் இரண்டு உள்ளங்கைகளையும் படம் எடுத்து அனுப்பினேன். பதிலுக்கு ராத்தா கூப்பிட்டாள்.

"நீ கைய நீட்டிட்டு உக்காந்து சொல்லு ஏளா. அன்னைக்கு நான் டைப் அடிக்கேன்."

சிரித்தபடியே இழுப்பறையைத் திறந்தேன். காய்ந்த கோனின் நுனியிலிருந்த அந்தத் துளியைத் தடவிப் பார்த்துவிட்டு, அருகிலேயே ஒரு புதுக் கோனுக்கு இடம் ஒதுக்கினேன்.