டெல்ரிக்குக்குக் கிடைத்த புள்ளிகள்

டெல்ரிக் கிட்ரியும் நானும் நான்கு வருடம் ஒரே அறையில் தங்கிப் படித்தோம். படித்தோம் என்பதைவிட ஆடினோம் என்பதுதான் சரி. லூசியானாவின் வடக்கு மூலையில் ஓர் அரசுப் பல்கலைக்கழகம். அமெரிக்க ஃபுட்பால் அணியில் எங்கள் இருவருக்கும் உதவித்தொகை. அவன் தடுப்பு வரிசையின் நடுவில் நிற்பவன், நூற்று நாற்பது கிலோ. அவன் மோதிக் கீழே விழுந்தவர்கள் எழுந்து ஹெல்மெட்டைச் சரிசெய்துகொள்ளக் கொஞ்ச நேரம் பிடிக்கும்.

அவ்வளவு பெரிய உடம்புக்காரனுக்கு இருந்த ஒரே ஆசை, நர்ஸ் ஆக வேண்டும் என்பது.

அவன் தங்கை ஷனேலுக்கு அரிவாள் செல் ரத்தசோகை. வலி வந்தால் அவர்கள் ஊரான ஓபலூசஸின் ஆஸ்பத்திரியில் வாரக்கணக்கில் கிடப்பாள். ஊசி போடக் கையில் நரம்பு கிடைக்காது. ஒருவர் மாற்றி ஒருவர் குத்திப் பார்ப்பார்கள், அவள் அலறுவாள். ஓர் ஆண் நர்ஸ் மட்டும் அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, விரலால் தடவித் தடவிப் பார்த்து, ஒரே குத்தில் முடித்துவிடுவாராம். அப்போது டெல்ரிக்குக்குப் பன்னிரண்டு வயது.

அறையில் சும்மா இருக்கும்போது என் கையைப் பிடித்துக்கொள்வான்.

"அசையாதடா மார்லன். உன் நரம்பெல்லாம் ஹைவே மாதிரி ஓடுது. கண்ணை மூடிக்கிட்டே குத்தலாம்."

"போடா. உன் விரலுக்கு ஊசி எங்க இருக்குன்னே தெரியாது."

முதல் வருடம் படிவத்தில் நர்சிங் என்றுதான் எழுதினான். ஆட்டக்காரர்களின் படிப்பைக் கவனித்துக்கொள்ள ப்ரூடம் என்று ஓர் ஆலோசகர் இருந்தார். நல்ல மனிதர், எங்கள் எல்லோருடைய பிறந்தநாளும் அவருக்கு மனப்பாடம். அவர் நாற்காலிக்குப் பின்னால் ஒரு வெள்ளைப் பலகை. அதில் எங்கள் பெயர்கள், ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இரண்டு கட்டம். ஆட அனுமதி கிடைக்கிற அளவுக்குப் பாஸ் ஆகியிருந்தால் பருவத்துக்கு ஒரு புள்ளி. கல்லூரியை விட்டு ஓடாமல் இருந்தால் இன்னொரு புள்ளி. எல்லோருடையதையும் சேர்த்து ஆயிரத்துக்கு இவ்வளவு என்று அணிக்கு மதிப்பெண் போடுவார்கள். தொள்ளாயிரத்து முப்பதுக்குக் கீழே இறங்கினால் தண்டனை. நாங்கள் சேர்வதற்கு முந்தைய வருடம் அணி இறங்கியிருந்தது, பயிற்சி நேரத்தைக் குறைத்திருந்தார்கள்.

"நர்சிங் வேண்டாம்ப்பா," என்றார் ப்ரூடம். "காலைல ஆறு மணிக்கு ஆஸ்பத்திரிக்கு வான்னுவாங்க. அதே ஆறு மணிக்கு நீ ஜிம்ல இருக்கணும்."

"ரெண்டையும் பாத்துக்கறேன் சார்."

"எப்படிப் பாத்துக்குவ? உடற்கூறியல்ல பாதிப் பேர் ஃபெயிலாகறாங்க. நீ ஃபெயிலானா அணிக்கு ஒரு புள்ளி போச்சு. பொதுப் படிப்புல சேந்துக்கோ. நர்சிங்கெல்லாம் பின்னால பாத்துக்கலாம்."

டெல்ரிக் கையெழுத்துப் போட்டான். பதினெட்டு வயதில் கோச்சையும் ஆலோசகரையும் எதிர்த்துப் பேச எங்களில் யாருக்கும் வாய் வராது. அன்று மதியம் அவன் தட்டில் சிவப்பு பீன்ஸும் சோறும் ஆறிக் கிடந்தது. சாப்பாட்டை மிச்சம் வைத்து அவனை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அதன்பிறகு ஏழு பருவம் அவன் கட்டங்கள் நிரம்பியே இருந்தன. பொழுதுபோக்கு மேலாண்மை, நடைப்பயிற்சி, மறுபடியும் வேறு பெயரில் பொழுதுபோக்கு மேலாண்மை. ஒரு வருடம் அணிக்குத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்று வந்தது, மைதானத்தில் கேக் வெட்டினோம். ஆனால் தினமும் காலையில் எடை தூக்கும் கூடத்தின் கண்ணாடிக்கு வெளியே, நீல உடுப்பில் நர்சிங் மாணவிகள் ஆஸ்பத்திரி வண்டிக்கு நடந்து போவார்கள். கடைசிப் பெண் வண்டியில் ஏறும்வரை டெல்ரிக் கம்பியில் கை வைக்கமாட்டான்.

"யாரடா அதுல உன் ஆளு?" என்று பையன்கள் கிண்டல் செய்வார்கள்.

"எல்லாரும்தான்," என்பான்.

கடைசிப் பருவத்தில் ஷனேலுக்கு முடியாமல் போனது. இரண்டே பாடம் பாக்கி இருக்கும்போது ஊருக்குக் கிளம்பினான். மூன்று வாரத்தில் அவள் இறந்துவிட்டாள். ப்ரூடம் போன் செய்து துக்கம் கேட்டார். பிறகு, "முடிச்சிட்டுப் போயிருக்கலாமேப்பா. ரெண்டு புள்ளியும் போச்சு," என்றார். டெல்ரிக் போனை வைத்துவிட்டான். அவன் திரும்பி வரவில்லை.

ஷனேல் கிடந்த அதே ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் தள்ளும் வேலையில் சேர்ந்தான். பதினோரு வருடம். ஒருமுறை நான் பார்க்கப் போயிருந்தபோது, ஏழு வயதுச் சிறுமி ஒருத்திக்கு நரம்பு கிடைக்காமல் நர்ஸ் மூன்றாவது தடவை குத்திக்கொண்டிருந்தாள். டெல்ரிக் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். தொட அவனுக்கு அனுமதி கிடையாது.

"மணிக்கட்டுக்குப் பக்கவாட்டுல தடவிப் பாருங்க சிஸ்டர்," என்று மட்டும் சொன்னான். அங்கே கிடைத்தது. காலி ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தான்.

போன வருடம் பல்கலைக்கழகத்திலிருந்து அழைப்பு வந்தது. ப்ரூடம் ஓய்வுபெற்றுவிட்டார், இப்போது டுசே என்று ஓர் இளம்பெண். அணி மறுபடி விளிம்பில் நிற்கிறதாம். பாதியில் போன ஆட்டக்காரர் யாராவது திரும்ப வந்து பட்டம் முடித்தால் அணிக்கு ஒரு புள்ளி சேருமாம். படிப்புச் செலவு அவர்களுடையது.

துணைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனான். டுசே இரண்டு இணையவழிப் பாடங்களின் பெயரை எழுதி நீட்டினாள்.

"வீட்டிலிருந்தே எட்டு வாரத்துல முடிச்சிடலாம் சார்."

"இதுல ஒண்ணு எதுவா வேணா இருக்கலாமா?"

"ஒண்ணு விருப்பப் பாடம்தான். ஏன்?"

"அப்ப உடற்கூறியல் போடுங்க மேடம்."

அவள் பேனாவை வைத்தாள். "அதுல தவறினா உங்களுக்குப் பட்டம் வராது, எங்களுக்குப் புள்ளி வராது. கோச் என்னைத் தின்னுடுவாரு."

"என்னைக் கேட்டுட்டுத் தின்னச் சொல்லுங்க."

அவள் சிரித்துவிட்டாள். பிறகு நிஜமாகவே கோச்சோடு சண்டை போட்டு அந்தப் பாடத்தை வாங்கித் தந்தாள்.

வாரம் இரண்டு நாள், போக மூன்று மணி, வர மூன்று மணி. பத்தொன்பது வயதுப் பிள்ளைகளுக்கு நடுவே பெஞ்சு கொள்ளாமல் உட்கார்ந்தான். வண்டியில் எலும்புப் பெயர்களை ஒலிப்பதிவில் கேட்டுக்கொண்டே ஓட்டினான். மே மாதம் முடிவு வந்தது. D.

விருப்பப் பாடத்துக்கு D போதும். பட்டம் கிடைத்தது, அணிக்குப் புள்ளி சேர்ந்தது, தொள்ளாயிரத்து முப்பத்தொன்று. அங்கி போட்ட அவன் படத்தை அணியின் இணையப் பக்கத்தில் பெரிதாகப் போட்டார்கள். ஆனால் நர்சிங் பள்ளிக்கு விண்ணப்பிக்கக் குறைந்தது C வேண்டும்.

விழா முடிந்து வண்டி நிறுத்துமிடத்தில் டுசே வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கு இதுல சந்தோஷப்படத் தெரியல," என்றாள்.

"பரவால்ல மேடம். நீங்கதான் உள்ளயே விட்டீங்க."

திரும்பும் வழியில் பூடான் வாங்கினோம். அரிசியும் இறைச்சியும் அடைத்த அந்தத் தொத்திறைச்சி என்றால் அவனுக்கு உயிர். அன்று எனக்கும் சேர்த்துச் சாப்பிட்டான். சாப்பிட்டு முடித்து, "அந்த வகுப்புல உக்காந்திருக்கறப்ப என்னை யாரும் ஸ்ட்ரெச்சர் தள்ளக் கூப்பிடலடா. எவ்வளவு நல்லா இருந்துச்சு தெரியுமா?" என்றான்.

"முப்பத்துமூணு வயசாச்சுடா."

"பதினெட்டுலயே இதுல சேந்திருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும்."

இந்த ஜனவரியில் ஊரிலிருக்கும் இரண்டு வருடக் கல்லூரியில் அதே உடற்கூறியலில் மறுபடி சேர்ந்திருக்கிறான், சனிக்கிழமை வகுப்பு. நேற்று போனில் பேசினான். எலும்பெல்லாம் வந்துவிட்டதாம், தசைகள்தான் குழப்புகின்றனவாம். அடுத்த தேர்வு மார்ச்சில்.