மேட்டுத் தண்ணீர்

எங்கள் நிலத்தைப் பற்றி யாராவது கேட்டால் பேச்சை மாற்றிவிடுவேன். செஞ்சி பஜாரில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் விவசாயிகள். டிஸ்பிளே மாற்றி முடிக்கிற வரைக்கும் சும்மா உட்கார மாட்டார்கள். "உனுக்கு எந்தப் பக்கம்பா நெலம்?" என்று ஆரம்பிப்பார்கள். அவலூர்பேட்டை ரோடு என்று முனகிவிட்டு, கையிலிருக்கும் திருப்புளியைக் கீழே போட்டுத் தேட ஆரம்பிப்பேன். முன்பெல்லாம் மண்ணை நினைத்து வெட்கம். இப்போது அது மண்ணோடு நிற்கவில்லை.

மண்ணைச் சொல்லிவிடுகிறேன். ஊர் ஏரிக்கரைக்குக் கிழக்கே, கரையை ஒட்டிய பள்ளம்தான் எங்கள் நிலம். கோடையில் ஏரி காய்ந்துவிடும். ஆடி மாதம் மேலைக்காற்று வந்தால் அந்த ஏரிக்குள் இருக்கும் வண்டல் தூசியெல்லாம் கிளம்பும். கரையைத் தாண்டும், எங்கள் வேலியில் இருக்கும் சீமைக்கருவேல முள்ளில் முட்டும், அப்படியே நிலத்தில் கொட்டும். வருஷா வருஷம் கொட்டிக் கொட்டி மேல்மண் முழுக்கக் கோதுமை மாவு மாதிரி ஆகிவிட்டது. கல் கிடையாது, மணல் கிடையாது. கையில் எடுத்தால் விரலிடுக்கில் வழிந்து போகும். எங்கள் நைனாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, அதில் அப்படியொரு பெருமை. "காத்தே வந்து எரு போட்டுட்டுப் போவுது. எவனுக்குடா கெடைக்கும்?" என்பார்.

மழை பெய்யட்டும், அப்புறம் தெரியும் சங்கதி. அந்த மாவு அப்படியே களியாகிவிடும். களிக்குக் கீழே சாம்பல் நிறத்தில் ஒரு களிமண், அதற்கு நடுவில் வெற்றிலை எச்சில் துப்பின மாதிரி அங்கங்கே துருப்புள்ளி. தண்ணீர் கீழேயும் இறங்காது, பக்கத்திலும் போகாது. ஐப்பசியில் நின்ற தண்ணீர் தை வரைக்கும் நிற்கும். வேர்க்கடலை போட்டால் அழுகிப் போகும். நெல் போட்டால் தாள் சிவந்து, பிடுங்கிப் பார்த்தால் வேர் கறுத்து, கெட்டுப்போன முட்டை நாற்றம் வரும். உழ வந்த டிராக்டர் சிக்கிக்கொண்டு நிற்கும். ரோட்டில் போகிற பஸ் முழுக்க எட்டிப் பார்க்கும். ஒருமுறை ஜன்னலோரம் இருந்த ஒருவர், "இன்னா பெரியவரே, டிராக்டரு நட்டிருக்கியா? எப்ப அறுப்பு?" என்று கத்தினார். பஸ்ஸே சிரித்தது. பள்ளிக்கூட யூனிபார்மோடு நானும் அந்தப் பஸ்ஸில்தான் இருந்தேன். குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டேன்.

விவசாய ஆபீஸிலிருந்து ஒருவர் வந்து மண்வெட்டியால் வெட்டிப் பார்த்தார். "அடியில வடிகால் இல்லீங்க பெரியவரே, நிலத்தச் சுத்தி ஆழமா வாய்க்கால் எடுங்க" என்றார். நைனாவுக்கு வந்ததே கோபம். "எம் மண்ணுக்கு ஒரு நோவும் இல்ல. அந்த மேட்டுக்காரன் தண்ணி எறங்கித்தான் எல்லாம் நாறுது" என்று கையை நீட்டினார்.

அவர் நீட்டிய பக்கம் எங்கள் நிலத்தை ஒட்டி ஒரு மேடு. செம்மண் சரளை, நடுவில் இரண்டு மூன்று பாறை. அதுவும் ஒரு காலத்தில் எங்களுடையதுதான். தண்ணீர் நிற்காத மேடு எதற்கு என்று நைனாவே விற்றார். வாங்கியவர் காலனிக்காரர், அப்போது பஸ்ஸில் கண்டக்டர். இப்போது ரிட்டயர் ஆகிவிட்டார், ஆனாலும் ஊரில் எல்லோருக்கும் கண்டக்டர்தான். "கல்ல வாங்கிக்கினு போறான் பாரு" என்று நைனா ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார். கண்டக்டரும் அவர் மனைவியும் கல் பொறுக்கி, கரை கட்டி, கடலை போட்டார்கள். அந்த மண்ணில் கடலை அப்படி விளைந்தது. அதற்குப் பிறகு நைனா சிரிக்கவில்லை. மேட்டிலிருந்து தண்ணீர் இறங்குகிறது என்று சண்டை பிடிக்க ஆரம்பித்தார். மழைத்தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு வராமல் வேறு எங்கே போகும்? கண்டக்டர் ஒருநாளும் எதிர்த்துப் பேசி நான் பார்த்ததில்லை. அதுவே நைனாவுக்கு இன்னும் எரிச்சல்.

போன வருஷத்துக்கு முந்தின கார்த்திகையில் நைனா போய்ச் சேர்ந்தார். படுக்கையில் கிடந்தபோது ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "என்ன எரிக்காதீங்க. நம்ம நெலத்துல வையிங்க." எங்கள் பக்கத்தில் இது புதிதில்லை. நிலம் இருக்கிறவர்கள் அவரவர் நிலத்தில்தான் வைப்பார்கள். நானும் சரி நைனா என்று கையைப் பிடித்துச் சொன்னேன்.

அந்த வருஷம் நல்ல மழை. ஏரி நிரம்பிக் கோடி வழியாக வழிந்து போய்க்கொண்டிருந்தது. ஏரியோரத்து ஊர்ச் சுடுகாட்டில் இடுப்பளவு தண்ணீர். காலையில் குழி வெட்ட ஜேசிபி கூப்பிட்டேன். டிரைவர் வரப்பில் நின்று காலால் ஒரு மிதி மிதித்துப் பார்த்துவிட்டு, "அண்ணே, எறங்கினா ஏறாது" என்று திருப்பிக்கொண்டு போய்விட்டான். ஆள் வைத்து, உள்ளதில் கொஞ்சம் உயரமாகத் தெரிந்த இடத்தில் வெட்டினோம். மேலே வழவழவென்று களி. அதற்குக் கீழே அந்தச் சாம்பல் மண். முழங்கால் ஆழம் போவதற்குள் நாலா பக்கமும் தண்ணீர் கசிந்தது. பக்கெட்டால் இறைத்தோம். ஆயில் இன்ஜின் கொண்டுவந்து இறைத்தோம். இறைக்க இறைக்கப் பக்கச்சுவர் சரிந்து உள்ளே விழுந்தது. குழி அகலமாகிக்கொண்டே போனதே தவிர ஆழமாகவில்லை.

சொந்தக்காரர்கள் எல்லோரும் வரப்பில் வரிசையாக நின்று பார்த்தார்கள். வல்லத்திலிருந்து வந்த மாமா ஒருவர் கர்ச்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டார். குழியிலிருந்து அந்த நாற்றம். ஆயுசு முழுக்க இந்த மண்ணை மெச்சிக்கொண்டிருந்த மனுஷனுக்கு ஓர் ஆள் நீளம் காய்ந்த மண் கொடுக்க அதற்கு வக்கில்லை. வீட்டில் ஐஸ் பெட்டிக்குள் அவர் கிடக்கிறார். பறைமேளம் நின்று நேரமாகிவிட்டது. எனக்கு அழுகை வரவில்லை, மானம்தான் போனது. இந்தத் தண்ணீரில் எப்படிப் போடுவது, போட்டால் நிற்பாரா மிதப்பாரா என்று யோசிக்கிறேன். சொந்தத் தகப்பனைப் பற்றி யோசிக்கிற யோசனையா அது?

அப்போதுதான் மேட்டிலிருந்து கண்டக்டர் இறங்கி வந்தார். லுங்கியை மடித்துக் கட்டியிருந்தார். கையில் கடப்பாறை.

"தம்பி, எவ்ளோ நேரம் இறைச்சிக்கினு இருப்பீங்க? மேட்டுல வச்சிடலாம் வாங்க."

அவர் பக்கம் நான் ஓர் எட்டு எடுத்து வைத்தேன். அதற்குள் சித்தப்பா, அதாவது நைனாவின் தம்பி, என் கையைப் பிடித்துத் தள்ளிக் கூட்டிப் போனார். தள்ளி என்றால் நாலு எட்டுகூட இல்லை. "இன்னாடா இது, காலனிக்காரன் நெலத்துல வைக்கிறதா? நாளைக்கு ஊர்ல தல காட்ட முடியுமா?" என்றார். ரகசியம் பேசுகிற குரல் அவருக்குப் பிறவியிலேயே கிடையாது. கண்டக்டர் காதில் விழாமல் இருக்க வாய்ப்பே இல்லை.

விழுந்தது. அவர் திரும்பிப் போய்விடவில்லை. "அது பெரியவரு நெலந்தானுங்க. அவுரு கையால எனக்குக் குடுத்தது. அவுரு மண்ணுக்கே அவுரு போறாரு. இதுல இன்னா இருக்குது?" என்றார்.

எங்களுக்கு வழி விடுவதற்காக அவர் சொன்ன சொல் அது. சித்தப்பா முகத்தைப் பார்க்கணுமே! "அதான! அது நம்ம நெலம்தான்டா! நம்ம பாட்டன் ஆண்ட மேடு!" என்று வரப்பில் நின்றவர்களைப் பார்த்துக் கத்தினார். அவ்வளவுதான், எல்லோருக்கும் உயிர் வந்துவிட்டது. "நம்ம நெலம், நம்ம நெலம்" என்று சொல்லிக்கொண்டே மேட்டில் ஏறினார்கள். நிலத்துக்காரர் ஓரமாக ஒதுங்கி வழிவிட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. ஒரு வார்த்தை, "சித்தப்பா, சும்மா இரு" என்று சொல்லியிருக்கலாம். பிணம் கிடக்கிறதே, காரியம் ஆகணுமே என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

மேட்டில் கடலை பிடுங்குகிற பருவம். கண்டக்டரே குனிந்து செடிகளைப் பிடுங்கி இடம் ஒதுக்கினார். எங்கள் சவத்தை வைக்க அவர் வெள்ளாமை பிடுங்கப்பட்டது. கடப்பாறை சரளையில் ணங்ணங்கென்று விழுந்தது. ஆள் ஆழம் வெட்டியும் ஒரு சொட்டு ஈரம் இல்லை. எங்கள் ஆட்களில் சிலர் பாறை மேல் உட்கார்ந்து, அவர் பிடுங்கிப் போட்ட செடியிலிருந்து பச்சைக் கடலையை உரித்துத் தின்றுகொண்டிருந்தார்கள். பொழுது சாய்வதற்குள் நைனாவைக் கொண்டுவந்து வைத்தோம். மண் தள்ளிவிட்டு எல்லோரும் பம்ப்செட்டில் குளிக்கப் போனோம். அதுவும் கண்டக்டருடைய பம்ப்செட்தான்.

அப்புறம் ஒரு வருஷம் நான் அந்தப் பக்கமே போகவில்லை. கடையில் வேலை என்று அம்மாவிடம் சொல்வேன். கண்டக்டர் பஜாரில் வருவதைப் பார்த்தால் ஷட்டரைப் பாதி இழுத்துவிட்டு உள்ளே போய்விடுவேன். நன்றி சொல்லப் போனால், அன்றைக்கு நான் வாயை மூடிக்கொண்டு நின்றதைப் பற்றியும் பேசியாக வேண்டும். அதற்கு எனக்குத் தெம்பில்லை.

முதல் வருஷத் திதிக்குப் போய்த்தானே ஆகணும். போனோம். முந்தின நாள் ராத்திரி மழை பெய்திருந்தது. கண்டக்டர் அந்த இடத்தைச் சுற்றிப் பெரிதாக, எங்களுக்கு வேண்டியதைவிடப் பெரிதாகவே, கடலை போடாமல் விட்டிருந்தார். புல் செதுக்கிச் சுத்தமாக இருந்தது. படையல் வைத்துக் கற்பூரம் காட்டியதும் சித்தப்பா இடுப்பில் கை வைத்து நின்றார். "இங்க ஒரு மேடை கட்டணும்டா. சுத்தி கம்பி வேலி போட்டுடலாம். நம்ம எடம்னு ஒரு அடையாளம் வேணாமா?"

எனக்கு எங்கிருந்து வந்ததோ, "இது நம்ம எடம் இல்ல, சித்தப்பா" என்று கத்திவிட்டேன்.

"இன்னாடா எகுர்ற? அன்னிக்கு நாங்க சொன்னப்போ கேட்டுக்கினுதான நின்ன?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டார். மற்றவர்களும் பின்னாலேயே போனார்கள். வடை, பாயசம், சோறு எல்லாம் இலையில் அப்படியே இருந்தது. கண்டக்டரும் அவர் மனைவியும் மாமரத்தடியில் நின்றிருந்தார்கள். இலையை எடுத்துக்கொண்டு போய் நீட்டினேன். வாங்குவார்களோ மாட்டார்களோ என்று தெரியவில்லை. அந்த அம்மா வாங்கிக்கொண்டார். வடையைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டார்.

ஏதாவது பேச வேண்டுமே என்று நான்தான் வாயைக் கொடுத்தேன். "நல்ல காஞ்ச எடம்மா. உங்க வீட்டுப் பெரியவங்கள ஏன் இங்க வைக்கல?"

கண்டக்டர் சட்டென்று, "அத விடுங்க தம்பி" என்றார். அந்த அம்மா விடவில்லை. கோபமாகவும் சொல்லவில்லை.

"எங்க மாமியார இங்கதான் வைக்கணும்னு இருந்தோம் தம்பி. அதுக்கும் அதான் ஆச. நீங்க மெட்ராஸ்ல வேலைக்குப் போயிருந்தீங்க அப்ப. குழிகூட வெட்டியாச்சு. உங்க நைனா வந்து குழிக்குக் குறுக்க நின்னுட்டாரு. இங்க வச்சா, மழ பேஞ்சா அந்தத் தண்ணி எங்க நெலத்துக்குத்தான எறங்கும், அதுல வெளையறத நாங்க எப்படித் துன்றதுன்னாரு. குழிய மூடிட்டு, ஓடைக்கு அந்தாண்ட எங்க சுடுகாட்டுக்கு, முட்டியளவு சேத்துல தூக்கிக்கினு போனோம்."

நைனாவை வைத்த இடத்தைத் திரும்பிப் பார்த்தேன். "அன்னிக்கே ஏன் இத என்கிட்ட சொல்லல?" என்று கண்டக்டரைக் கேட்டேன்.

"சொல்லியிருந்தா நீங்க மேட்டுக்கு வந்திருக்க மாட்டீங்க" என்றார். "பொணத்த வச்சிக்கினு எங்க போவீங்க, தம்பி?"

மன்னிப்புக் கேட்டேனா என்றால், கேட்டேன். என்ன சொன்னேன் என்று ஞாபகமில்லை. "சரி சரி, போய்ச் சாப்புடுங்க, நேரமாச்சு" என்று அவர் அனுப்பிவைத்தார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு எங்கள் நிலத்து வழியாக இறங்கினேன். கால் கணுக்கால் வரை களிக்குள் போனது. நாற்று நட்டு நின்றிருந்த வயலுக்குள், ராத்திரி பெய்த மழைத்தண்ணீர் மேட்டுப் பக்கமிருந்து செம்மண் நிறத்தில் இன்னும் மெல்ல வந்துகொண்டிருந்தது. நைனா கிடக்கிற இடத்தைத் தாண்டித்தான் அது வருகிறது.

தை மாதம், தேறின மட்டும் அறுத்தோம். அந்த நெல்லைத்தான் வீட்டில் சாப்பிடுகிறோம்.