அடுப்போரத்துக் கூடை

என் நாத்தனாருக்குப் பன்றிப் பண்ணையில் வைத்த பெயர் தூங்குமூஞ்சி. கண்ணைத் திறந்துகொண்டே கனவு காண்கிற ஆள். கூப்பிட்டால் எங்கோ தூரத்திலிருந்து வருவது மாதிரி மெல்லத் திரும்புவாள். ஆனால் குட்டி போடுகிற பன்றிக்குப் பக்கத்தில் அவள் போய் உட்கார்ந்தால் போதும், கொட்டகையே அடங்கிவிடும். பனி மூடிய காலையில் பன்றிகளின் மூச்சு ஆவியாக எழும். அதன் நடுவே ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருப்பாள். பாட்டா பேச்சா, யாருக்குத் தெரியும்!

நோஞ்சான் குட்டி பிறந்தால் கோட்டுக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்கே வந்துவிடுவாள். அடுப்போரத்துக் கூடையில் அது தூங்கும். பண்ணைத் தீவனத்தில் தினமும் கலக்கிற மருந்துப் பொடியில் ஒரு சிட்டிகையைப் பாலில் போட்டுக் கொடுப்பாள்.

"எதுக்குக்கா மருந்து? நல்லாத்தானே இருக்கு?" என்று கேட்டேன்.

"நல்லாவே இருக்கட்டும்னுதான்."

பண்ணையில் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள்.

என் வீட்டுக்காரர் தச்சர். ஒருநாள் உளி நழுவிக் காலில் விழுந்தது. சின்னக் காயம்தான். அக்காதான் கழுவிக் கட்டினாள். ஆறவில்லை. கால் வீங்கிக் காய்ச்சல் கண்டது. ஆஸ்பத்திரியில் ஊசிக்கு மேல் ஊசி போட்டும் காய்ச்சல் அசைந்து கொடுக்கவில்லை.

"வீட்ல யாராவது பண்ணையில வேலை பாக்குறாங்களா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

எங்கள் மூக்கில் பஞ்சுக் குச்சி விட்டு எடுத்தார்கள். கூடையையும் துடைத்து எடுத்தார்கள். அக்கா மூக்கிலும் கூடையிலும் இவர் காலிலும் ஒரே கிருமி. தினமும் மருந்து தின்கிற பன்றிகளிடம், அந்த மருந்துக்கு அசராத கிருமிதான் மிஞ்சிப் பெருகுமாம். இவருக்குப் போட்ட ஊசியும் அதே வகை மருந்து.

"இன்னொரு மருந்து இருக்கு. அதுவும் கேக்கலைன்னா காலை எடுக்க வேண்டியதுதான்."

எனக்கு வந்த ஆத்திரத்தைக் கேட்காதீர்கள். "உன் குட்டிப் பாசம் என் புருஷன் காலைத் தின்னுடுச்சே!" என்று வராந்தாவிலேயே கத்தினேன். நோவு நொடி இல்லாமலே கிருமியைச் சுமந்தவள். அதனால் அவளை வார்டுக்குள் விடவில்லை. கண்ணாடிக்கு வெளியே கையைக் கோட்டுக்குள் வைத்தபடி நின்றாள். கோட்டுக்குள் ஒன்றும் இல்லை.

அந்த இன்னொரு மருந்து கேட்டது. கால் பிழைத்தது, இரண்டு விரல் போனது. அக்காவுக்கு மூக்கில் களிம்பு தடவி, மறுபடி சோதித்துவிட்டு, சுத்தம் என்றார்கள். பண்ணைக்குத் திரும்பினால் கிருமியும் திரும்ப ஒட்டிக்கொள்ளும் என்றும் சொன்னார்கள். அவள் பூட்ஸைப் பண்ணை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

கூடையை எரித்துவிட்டோம். அது இருந்த இடத்தில் மத்தியான வெயில் விழும். அங்கே வெறும் மடியோடு அவள் உட்கார்ந்திருப்பாள், தூக்கமும் இல்லாமல் விழிப்பும் இல்லாமல். பார்க்கவே எனக்குத் தாங்காது. பேசப் போவேன், கத்தியது நினைவுக்கு வரும், அடுப்பைக் கிளறிவிட்டுத் திரும்பிவிடுவேன்.

ஒரு நாள் இவர் தடியை ஊன்றி, நொண்டி நொண்டி வந்து அவள் எதிரே உட்கார்ந்தார். விரல் போன காலைத் தூக்கி அவள் மடியில் வைத்தார்.

"இது குளிருதுக்கா. கொஞ்சம் பாத்துக்கோ."

அவள் கோட்டை இழுத்து அதன் மேல் மூடினாள். "இந்தக் குட்டி கனம்டா," என்றாள்.

அப்புறம் அந்த முணுமுணுப்பு கேட்டது. நான் அடுப்பைத் தூண்டிவிட்டு, அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.