கொடிக்காலுக்குள் செருப்பு

அடுத்தவர் வாழ்க்கைக்கு நாம் திட்டம் போடுவோம், அவர்கள் அதைக் கிழிப்பார்கள். சமூகப் பணியாளர் வேலை அவ்வளவுதான். எழுபதுகளின் கடைசியில் பரமத்தி வேலூர்ப் பக்கம் ஒரு தொழுநோய் சிகிச்சை மையத்தில் இருந்தேன். என்னைப் போலவே ஃபைலும் கையுமாக பஸ்ஸுக்கு நின்றவர்களே, சிரிக்காமல் படியுங்கள்.

ஒரு பக்கத் திட்டம்

பாவாயக்காவுக்கு வெற்றிலைக் கொடிக்காலில் இலை கிள்ளும் வேலை. நோயால் பாதத்தில் உணர்ச்சியே இல்லை. முள் குத்தினாலும் தெரியாது. வலது பாதத்தில் புண். இது ஆழமானால் காலையே எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மாத்திரை, தினமும் பாதத்தைத் தண்ணீரில் ஊறவைத்துப் பார்ப்பது, எந்நேரமும் மெத்தென்ற ரப்பர் செருப்பு என்று ஒரு பக்கம் எழுதி, ஏற்ற இறக்கத்தோடு வாசித்தேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

"அப்படியே செஞ்சுபோடறனுங்க சாமி."

தேயாத செருப்பு

மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் புண் பெரிதாகியிருக்கிறது, செருப்பு புத்தம் புதிதாக இருக்கிறது! எனக்கு வந்ததே கோபம். "கால் போச்சுன்னா நானா வந்து வெத்தலை கிள்ளுவேன்?" என்று கத்திவிட்டேன்.

அவர் அசரவில்லை. கொடிக்காலுக்குள் யாரும் செருப்போடு நுழைவதில்லையாம். கொடி சாமி மாதிரியாம். அந்த ஊரில் பச்சைப்பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி, பட்டம் வாங்கிய அயோத்தியாப்பட்டணத்துக்காரன் எனக்குத் தெரியவில்லை. பொழுதெல்லாம் அவர் இருப்பதே கொடிக்காலில்தான். இதை அன்றைக்கே சொல்வதற்கென்ன என்று கேட்டேன்.

"நீங்க அத்தனை ஆசையா படிச்சீங்க, குறுக்க பேச மனசு வரலீங்க சாமி."

அக்காவின் திட்டம்

வெட்கமாகப் போய்விட்டது. "என்ன செய்யலாம், நீங்களே சொல்லுங்கக்கா" என்றேன். தெருவையே மிதிக்காத இன்னொரு ஜோடியை மஞ்சத்தண்ணியில் கழுவி, கொடிக்காலுக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம் என்றார். ஆனால் தோட்டத்துக்கார அம்மாவிடம் கேட்க வேண்டும். கேட்டால் நோய் தெரிந்துவிடும், வேலையே போகலாம். நான் பேசுகிறேன் என்றதற்கு, "என்ர காலுங்க, நானே கேக்கறேன்" என்று, நான் கொடுத்த புது ஜோடியைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்துவிட்டார். நான் தோட்டத்து வீட்டு வாசலிலேயே நின்றேன்.

அந்த அம்மா புண்ணைக் குனிந்து பார்த்தார். பிறகு உள்ளே போய் மஞ்சள் கரைத்துக்கொண்டு வந்து, அந்தப் புதுச் செருப்பின்மேல் அவரே ஊற்றினார்.

"போட்டுக்க பாவாயி. நீ நடந்தாத்தானே கொடிக்கும் ஆளு இருக்கும்."

அடுத்த தை மாதத்துக்குள் புண் ஆறியது. அந்தச் சிகிச்சைத் திட்டத்தை மேலதிகாரி ஆகா ஓகோ என்று பாராட்டினார், யார் போட்டது என்று அவர் கேட்கவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை.