ஆண்டுதோறும் என்று அமுக்கியவர்

பிரிக்பீல்ட்ஸில் எங்கள் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கையடக்கக் கணினியைத் தூக்கிப் பார்த்துவிட்டு அப்படியே வைத்துவிடுவார்கள். இன்டர்நெட் உள்ளங்கைக்கே வரும் என்றால், "வந்து என்ன செய்ய?" என்பார்கள். தொண்ணூற்றெட்டில் அது நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லத் தெரிந்தவர் எங்கள் கடையில் தியாகராசா அங்கிள் மட்டும்தான்.

ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றபின் எங்கள் கடையில் விற்பனைக்குச் சேர்ந்தவர். யாழ்ப்பாண வம்சம். கழுத்துப் பொத்தான்வரை போட்டுக்கொண்டு கோர்ட்டுக்குப் போகிறவர் மாதிரி வந்து நிற்பார்.

"பாஸ், லெட்டர் எழுதணும், கணக்குப் போடணும், மெயில் பார்க்கணும், நாள் கிழமை ஞாபகம் வைக்கணும். இந்த நாலு சாஃப்ட்வேரும் உள்ள இருந்தா இது ஆபீஸு. இல்லன்னா விலை கூடின டார்ச் லைட்டு லா."

சிரித்துக்கொண்டே வாங்கிப் போவார்கள்.

ஊருக்கு ஒன்று, தனக்கு ஒன்று என்கிற ஆள் இல்லை அவர். மின்சாரக் கட்டணம், பிரஷர் மாத்திரை, மெல்பர்னில் இருக்கும் மகள் குணபூசணிக்கு மெயில் என்று தன் வாழ்க்கையையே அந்தப் பெட்டிக்குள் வைத்திருந்தார். "மூச்சு விடவும் அலாரம் வெச்சிருக்கீங்களா அங்கிள்?" என்று கேலி செய்வேன்.

அவர் மனைவி பூமணி ஆன்டி தொண்ணூற்றேழில் தவறிவிட்டார். முதல் ஆண்டுத் திவசத்தை ஐயர் குறித்துக் கொடுத்த நாளில் முறையாகச் செய்தார் அங்கிள். மறுநாள் அந்தத் தேதியைக் கணினியில் பதிந்து, 'ஆண்டுதோறும்' என்ற இடத்தை அமுக்கினார். "இனி மறக்காது, புஷ்பம்" என்று என்னிடம் காட்டினார். அந்த வீட்டில் தினமும் நாள்காட்டித் தாள் கிழித்தது ஆன்டிதான். தொண்ணூற்றொன்பது பிறந்தபோது அங்கிள் புது நாள்காட்டி மாட்டவே இல்லை. அதுதான் பெட்டி இருக்கிறதே!

ஏப்ரலில் ஒரு காலை பெட்டி மணியடித்தது. குளித்து, வேட்டி கட்டி, அரிசியும் காய்கறியும் வாங்கிக்கொண்டு கோயிலுக்குப் போனார். ஐயர் பஞ்சாங்கத்தைப் புரட்டிவிட்டு அவரையே பார்த்தாராம்.

"பங்குனி வளர்பிறை ஏகாதசிதானே அம்மாவோட திதி? அது மார்ச்சுலயே போயிருச்சுங்களே."

திதி நிலவோடு போகும், இங்கிலீஷ் தேதியோடு போகாது. அங்கிளுக்கு இது தெரியாததா? தகப்பனாருக்கு எத்தனை வருஷம் திவசம் கொடுத்தவர்! ஆனால் அதற்கெல்லாம் நாள் பார்த்துச் சொன்னது ஆன்டி. எனக்கு அந்தப் பெட்டிமேல்தான் ஆத்திரம். எங்கோ உட்கார்ந்து அதன் சாஃப்ட்வேரை எழுதியவர்களுக்கு ஏகாதசியை யார் சொன்னார்கள்?

கோயிலிலிருந்து காய்கறிப் பையோடு நேராகக் கடைக்கு வந்தார். கணினியைத் திறந்து, தவறிப்போன அந்த நாளைத் தேடி எடுத்து என் பக்கம் திருப்பினார். 'பகல் சாப்பாடு, நூர் முகம்மது கடை' என்றிருந்தது. ஒரு பெரிய ஆர்டர் கிடைத்த சந்தோஷத்தில் எங்கள் எல்லாரையும் அங்கிள் கூட்டிக்கொண்டு போன நாள் அது. அந்தச் சாப்பாட்டுக்குப் பெட்டி மணியடித்தது எனக்கும் ஞாபகம் இருந்தது.

"அவ பசியோட வந்திருப்பா, புஷ்பம். நான் அங்க உக்காந்து ஆட்டுக்கறி தின்னுக்கிட்டு இருந்திருக்கேன்."

நான் அழுதுவிட்டேன். அவர் அழவில்லை. மெல்பர்னில் மகளும் இன்றைக்குத்தான் விரதம் இருக்கிறாள், அவளுக்கும் நான்தான் தேதி அனுப்பினேன் என்று மட்டும் சொன்னார்.

விட்டுப்போன திதியை அமாவாசையில் கொடுக்கலாம் என்று ஐயர் வழி சொல்லியிருந்தார். அப்படியே கொடுத்தார். அதற்குப் பிறகும் கடையில் கணினி விற்றார், நன்றாகவே விற்றார். டார்ச் லைட் கதையை மட்டும் விட்டுவிட்டார்.

டிசம்பரில் கிள்ளானில் எங்கள் வீட்டுப் பக்கத்து மளிகைக் கடையில் கொடுத்த நாள்காட்டி ஒன்றை அவருக்குக் கொண்டுபோனேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பங்குனித் தாள்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து, வளர்பிறை ஏகாதசியைக் கண்டுபிடித்தார். கணினியில் பதிந்தார். ஆண்டுதோறும் வைக்கவா என்று அது கேட்டது. வேண்டாம் என்று அமுக்கினார்.

"விக்கிறவரே இப்படிச் செஞ்சா எப்படி அங்கிள்?"

"இருக்கட்டும், புஷ்பம். வருஷா வருஷம் அவ நாள நானே தேடிக்கிறேன்."